கள்ளத் திறப்பு

கடல்பண்ணை வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் எனக்குக் கண் நன்றாக இருந்தது, காது நன்றாக இருந்தது, ரத்த அழுத்தம் அளவாக இருந்தது. வயிற்றில் ஐந்து வாரக் கரு இருந்தது. நர்ஸ் வாழ்த்துச் சொன்னாள். "வேற யாரோட ரத்தமாவது மாறியிருக்கும், நல்லாப் பாருங்க" என்றேன். அவள் மறுபடியும் பார்த்தாள். மாறவில்லை.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. என் கணவர் தரணிதரனுக்குப் பூட்டு போட்டிருக்கிறது. அவருக்கு மட்டுமா, பதினெட்டு முடிந்த எல்லா ஆண்களுக்கும் போட்டிருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்குள் வரிசையில் நிற்கவைத்து ஊசி போட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறமும் மீசை வளரும், தாடி வளரும், மற்றதெல்லாம் நடக்கும். விந்தில் உயிரணு மட்டும் இருக்காது. பிள்ளை வேண்டுமென்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து திறப்பு மையத்துக்குப் போய், இரண்டு பேரும் கட்டைவிரல் ரேகை வைத்து, அவர் சாவி ஊசி போட்டுக்கொண்டு வர வேண்டும். ஒருவர் மட்டும் போய் நின்றால் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

மனைவிக்குத் தெரியாமல் கணவனோ, கணவனுக்குத் தெரியாமல் மனைவியோ பூட்டைத் திறப்பதற்குக் கள்ளத் திறப்பு என்று பெயர். அதற்கு ஜெயில். என் அம்மா காலத்தில் கணக்கில் வராத பிள்ளை என்றால் ஊரே பெண்ணைத்தான் முறைத்துப் பார்க்கும். இப்போது தாயின் ரத்தத்தை வைத்தே தகப்பன் யார் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கும் சொல்லிவிட்டார்கள். தரணியின் பிள்ளைதான். அதில் எனக்கு என்றைக்குச் சந்தேகம் இருந்தது? என் சந்தேகமெல்லாம் பூட்டைத் திறந்தது யார் என்பதில்தான். அது அவர் கையாகத்தான் இருக்க முடியும் என்று நினைத்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் இலக்கியா. மேட்டூருக்குக் கீழே ஒரு தனியார் மீன்குஞ்சுப் பண்ணையில் இனப்பெருக்கப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மீனியலில் முதுகலை. தரணி மேட்டூர் - பவானி தடத்தில் பஸ் ஓட்டுகிறார். கல்யாணமான மூன்றாம் வருஷத்திலிருந்து நான் பிள்ளை கேட்டேன். அவர், "இப்ப என்ன அவசரம்" என்றார். இரண்டு வருஷம் கேட்டு அலுத்துப்போய், ஆவணியில் லட்சத்தீவுக்கு அப்பால் உள்ள கடல்பண்ணைக்கு விண்ணப்பம் போட்டேன். இரண்டு வருஷ வேலை. கர்ப்பிணிகளை எடுக்க மாட்டார்கள். ஐப்பசியில் தேர்வாகிவிட்டேன் என்று தகவல் வந்ததும் இவருக்குத் திடீரென்று ஞானம் வந்துவிட்டது.

"நாளைக்கே மையத்துக்குப் போலாமா?" என்றார்.

"எதுக்கு?"

"நீதான கேட்டுக்கிட்டிருந்த."

"கேட்டுக்கிட்டிருந்தேன். இப்ப கேக்கல" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த மாதமே வயிற்றில் கரு என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

பரிசோதனை முடிந்து வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னபோது தரணி முதலில் சிரித்தார். அப்புறம்தான் அதிர்ந்தார். அந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை.

"எப்ப போட்டீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்த?"

"சாவிய."

"நான் எங்க போட்டேன்? உன் ரேகை இல்லாம எனக்கு யார் போடுவாங்க?"

"பவானி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மெடிக்கல்ல கள்ளச்சாவி விக்கறாங்களாம். நீங்க தினமும் அங்கதான வண்டிய நிறுத்தறீங்க?"

"இலக்கியா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

உண்மை சொல்கிறவர்களும் பொய் சொல்கிறவர்களும் இதே வார்த்தைகளைத்தான் சொல்வார்கள். அதில்தான் சிக்கல். அன்றிலிருந்து நான் அவரை வேவு பார்க்க ஆரம்பித்தேன். சட்டைப் பாக்கெட், பஸ் பை, செல்போன், ஒன்றையும் விடவில்லை. பாக்கெட்டில் மெடிக்கல் பில் ஒன்று கிடைத்தது. முதுகுவலிப் பிளாஸ்திரி என்று போட்டிருந்தது. பிளாஸ்திரி என்று எழுதிவிட்டுச் சாவி கொடுத்திருக்கலாம் அல்லவா என்று யோசித்தேன். அவர் குளித்துவிட்டு வந்தபோது முதுகைப் பார்த்தேன். பிளாஸ்திரி இருந்தது. அதுவும் கண்துடைப்பாக இருக்கலாம் என்றது மனசு. மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் எதைக் காட்டினாலும் அந்தப் பக்கத்துக்கே சாட்சியாக எடுத்துக்கொள்கிறது.

அவரை "ஏங்க" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். சோற்றைப் போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ரசம் ஊற்றும்போது திடீரென்று கேட்பேன், பல் தேய்க்கும்போது கேட்பேன், தூக்கம் கலைந்து புரளும்போது கேட்பேன். எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். முகம் ஒரே மாதிரிதான். நன்றாகப் பழகிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

டாக்டர்கள் கருவை வைத்துக்கொள்கிறீர்களா, கலைத்துவிடுகிறீர்களா என்று கேட்டார்கள். இந்தப் பிள்ளைக்காகத்தான் இரண்டு வருஷம் ஏங்கினேன். ஆனால் அது என்னைக் கட்டிப்போடுவதற்காக என் முதுகுக்குப் பின்னால் திருடிச் செய்த பிள்ளை என்றால் எனக்கு வேண்டாம். அவரும் வேண்டாம். அவர் செய்யவில்லை என்றால் இரண்டு பேரும் வேண்டும். ஆக, அவர் செய்தாரா இல்லையா என்பது தெரிந்தே ஆக வேண்டும். வயிறு காத்துக்கொண்டிருக்காது.

ஒரு திங்கட்கிழமை காலை திறப்பு மையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். "ரேகை வச்சிட்டா திரும்ப வாங்க முடியாது, யோசிச்சுக்குங்க" என்றார்கள். எங்கள் பண்ணையில் மீன் பிடித்துக் கொடுக்கிற செங்கோடன் ஞாபகம் வந்தது. போன வருஷம் இதே குற்றத்துக்காக உள்ளே போனவன். கடைசி வரைக்கும் "நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பண்ணையில் ஒருவரும் நம்பவில்லை. நானும்தான் நம்பவில்லை. ஆண்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டே விரலை வைத்தேன்.

விசாரணை மருத்துவர் டாக்டர் ஜெசிந்தா ஓய்வு பெறும் வயதுக்காரர். மார்கழிக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவரையும் ஒன்றாகத்தான் கூப்பிட்டார். தரணியின் ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு, "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க. கேக்கறதுக்குத்தான் இருக்கு" என்றார் தரணி. "எனக்குள்ள என்னதான் நடந்திருக்கு? பஸ் ஓட்டறவனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது போலத் தெரிந்தது. "மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. அங்கருந்து ரெண்டு ஹார்மோன் கீழ வருது. விரையில ரெண்டு வகை செல் அதுக்காகக் காத்திருக்கு. ஒரு வகை ஆண் ஹார்மோன் செய்யற செல். அத நாங்க தொடறதே இல்ல. இன்னொண்ணு தாதி செல். வளர்ற உயிரணுவுக்கு ஊட்டி வளக்கறது அதுதான். ஹார்மோன் அந்தச் செல்லுக்குள்ள போகாது தம்பி. வாசல்ல நின்னு பெல் அடிக்கும். பெல் சத்தம் கேட்டு உள்ள இருக்கற ஆள் ஓடிப்போய், தூங்கிட்டிருக்கற ஒரு என்சைம எழுப்புவான். அது எழுந்து அடுத்த என்சைம எழுப்பும். அது இன்னொண்ண எழுப்பும். இப்படி வீடே எழுந்து அடுப்பப் பத்த வைக்கும்."

"பூட்டுன்னா அடுப்ப அணைக்கறதா?"

"இல்ல. பெல்ல மாத்தறது. உங்க சொந்த ஹார்மோன் வந்து எத்தன தடவ அழுத்தினாலும் அது அடிக்காது. நாங்க தயார் பண்ற சாவி ஹார்மோன் அழுத்தினாத்தான் அடிக்கும். ஒரு தடவ அடிச்சாப் போதும். எழுந்த என்சைம் தன்னைத்தானே தூங்க விடாம வச்சுக்கும், நாங்க மறுபடி பூட்டற வரைக்கும். அடுப்புப் பத்தி ரெண்டரை மாசத்துல உயிரணு தயாராயிடும்." ஆவணியில் நான் விண்ணப்பம் போட்டதுமே திறந்துகொண்டிருக்கிறார் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

"அப்ப யாரோ எனக்கு பெல் அடிச்சிருக்காங்க."

"சாவி வாய் வழியாப் போனா வேல செய்யாது. ஊசியிலதான் போகணும். உடம்புல ஊசி ஏறினது உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

"நான் எந்த ஊசியும் போட்டுக்கலீங்க" என்றார் தரணி. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை தரணியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே அழைத்தார் டாக்டர்.

"ஒரு சங்கடம். எங்க சாவியில ஒரு அடையாளம் வச்சிருப்போம். வால் மாதிரி சின்னதா ஒட்டிக்கிட்டிருக்கும். சாவி ரத்தத்துல தங்காது. ஆனா உடம்பு அந்நியமான பொருள மறக்காது. எதிர்ப்புச் சக்திய வச்சு, உள்ள வந்தது என்னன்னு கண்டுபிடிச்சிடலாம். உங்க வீட்டுக்காரர் உடம்புக்குள்ள வந்த சாவியில வால் இல்ல."

"கள்ளச்சாவி" என்றேன். ஆக, செய்திருக்கிறார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். கள்ளச்சாவின்னா கலப்படம் இருக்கும். இதுல இல்ல. ரொம்பச் சுத்தமா, இயற்கையா இருக்கு. அதான் இன்னும் ஒரு சோதனைக்கு அனுப்பிச்சேன்." டாக்டர் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இத வெளிய சொல்லக்கூடாது, ஆனா சொல்றேன். பூட்டு கண்டுபிடிச்சவங்களுக்கு, மனுஷ ரத்தத்துல தப்பித்தவறிகூட வராத ஒரு ஹார்மோன் தேவைப்பட்டுச்சு. கெண்டை மீனோடத எடுத்துக்கிட்டாங்க. பெல்லும் கெண்டையோடதுதான். இவருக்குள்ள போயிருக்கறது கெண்டையோட மூளைச் சுரப்பி ஹார்மோன். கம்பெனி செஞ்சதில்ல. மீன்ல இருந்து வந்தது. உங்க வீட்டுக்காரருக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. எனக்குத்தான்" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் முதலாளி கம்பெனி மருந்து வாங்குகிற ஆள் இல்லை. மார்க்கெட்டிலிருந்து கெண்டைத் தலைகளை வாங்கி, மூளைக்கு அடியிலிருக்கும் சுரப்பியைத் தோண்டி எடுத்து, அரைத்து, உப்பு நீரில் கரைத்து, அதைத்தான் சினை மீன்களுக்கு ஊசி போடுவோம். போட்ட சில மணி நேரத்தில் பெண் மீன் முட்டை விடும், ஆண் மீன் விந்து விடும். மீனுக்கும் கதை இதேதான். அதே பெல், அதே என்சைம், அதே அடுப்பு. ஒருவர் ஈர வலைத் துணியில் மீனை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் வாலடியில் ஊசியை ஏற்ற வேண்டும். மீன் சும்மா இருக்குமா? துள்ளும். துள்ளினால் ஊசி பிடித்திருப்பவர் கையில் ஏறும். மீன் பிடிக்கிற எல்லாருக்கும் கையில் அந்தத் தழும்பு உண்டு. எங்கள் பண்ணையில் அதை ஊசி குத்தியது என்றே சொல்ல மாட்டோம். மீன் முத்தம் கொடுத்தது என்போம். கழுவிவிட்டு அடுத்த மீனை எடுப்போம்.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு ஆட்கள் ஒருவர் விடாமல் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். மீன்களுக்குப் பண்டிகை தெரியுமா? வயிறு புடைத்து நின்றன. விட்டால் வீணாகிவிடும். காலையில் ஸ்பெஷல் பஸ் ஓட்டிவிட்டு அலுத்து வந்திருந்த தரணியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். பிடிக்கத் தெரியாமல் பிடித்தார். ஒரு பெரிய பெண் மீன் துள்ளியது. என் கையிலிருந்த ஊசி அவர் கட்டைவிரல் அடியில் முழுசாக இறங்கியது. "ஸ்ஸ்" என்று கையை உதறிவிட்டுச் சிரித்தார். "என்னையும் முட்ட போட வச்சிருவ போலிருக்கே." நானும் சிரித்தேன். "மீன் முத்தம் குடுத்திருக்கு, கழுவிக்குங்க" என்றேன். அதோடு இரண்டு பேரும் மறந்துபோனோம்.

இதையெல்லாம் டாக்டரிடம் மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல மனசு லேசாகிக்கொண்டே வந்தது. அவர் செய்யவில்லை. என் புருஷன் செய்யவில்லை. ஓடிப்போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் டாக்டர் என்னைப் பார்க்கிற விதத்தைக் கவனித்தேன்.

"ஆடியில நீங்க பிள்ள வேணும்னு கேட்டுட்டிருந்தீங்க. அவர் வேண்டாம்னுட்டிருந்தார். புகார்ல நீங்களே சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"ஹார்மோன்தான் உங்க படிப்பே."

"டாக்டர், உங்க பூட்டுல இருக்கறது கெண்டைன்னு எனக்கு எப்படித் தெரியும்? சத்தியமா எனக்குத் தெரியாது."

அவர் நம்பாமல் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் ஒரு மாதமாக வீட்டில் செய்துகொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து வாங்கிக்கொள்ளும்போது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நான் நம்பறேனோ இல்லயோ, அது வேற விஷயம்மா" என்றார் டாக்டர். "புகார் பதிவாயிடுச்சு. திறந்தவங்க யாருன்னு ஒரு பேர் எழுதணும். விபத்துன்னு எழுத எடமில்ல. மனுஷன் திறந்தாத்தான் பூட்டு திறக்கும், தானாத் திறக்காதுன்னு மேலருந்து உத்தரவு. மாத்தி எழுதினா நாளைக்கு ஒவ்வொரு ஆம்பளையும் மீன் மேல பழியப் போடுவான்."

"எங்க பண்ணை ஆள் ஒருத்தன் உள்ள இருக்கான், டாக்டர். செங்கோடன். வருஷக் கணக்கா மீன் பிடிச்சவன். கையெல்லாம் தழும்பு."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு இது முதல் கேஸ் இல்லை என்று எனக்குப் பட்டது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அப்புறம் தரணியை உள்ளே கூப்பிட்டு, சொல்ல வேண்டியதை அவரே சுருக்கமாகச் சொன்னார். கெண்டை, ஊசி, ஆடிப்பெருக்கு, என் கை. தரணி நின்றபடியே கேட்டுக்கொண்டார். கட்டைவிரலடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். என்னை என்ன கேட்கப்போகிறார் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் அவரைக் கேட்டதையெல்லாம் அவர் என்னைக் கேட்க இப்போது அவருக்கு முழு உரிமை இருந்தது.

அவர் டாக்டரைத்தான் கேட்டார். "இவ பேர எழுதினா என்னாகும்?"

"மூணு வருஷம். பிரசவத்துக்கு அப்புறம் ஆரம்பிக்கும்."

"எம்பேர எழுதினா?"

"அதேதான். உடனே ஆரம்பிக்கும்."

தரணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப எழுதிக்குங்க. அன்னைக்கு மீன் துள்ளலீங்க. நான்தான் கைய நீட்டிக் குத்திக்கிட்டேன். அந்த மருந்துல பூட்டு திறக்கும்னு பஸ்ல ரெண்டு பேர் பேசிக்கிட்டாங்க. எனக்குப் பிள்ள ஆச வந்துருச்சு. வாய்விட்டுக் கேக்கக் கூச்சமா இருந்துச்சு. இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் பேனாவை எடுத்தார். அவருக்கு இது வசதியான பதில். யாருக்கும் சங்கடமில்லை. பூட்டு பத்திரமாக இருக்கும், மீன் தப்பித்துக்கொள்ளும். நான்கூடத் தப்பித்துக்கொள்வேன். ஒரு மாதமாக எந்த வாக்குமூலத்துக்காக இவரைக் குடைந்து எடுத்தேனோ, அது இதோ அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கும் சந்தேகமாக இருந்தது. உண்மையாக இருக்குமோ?

அவர் முகத்தைப் பார்த்தேன். கண் மேசை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. காது மடல் சிவந்திருந்தது. இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"பொய் சொல்றார்" என்றேன்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

"ஒரு மாசமா இவரச் சந்தேகப்பட்டு, இவர் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன், டாக்டர். சோறு திங்கறப்போ, தூங்கறப்போ, பல் தேய்க்கறப்போன்னு கேள்வி கேட்டுக் கேட்டுப் பாத்திருக்கேன். பொய் சொன்னா இவர் எப்படி இருப்பார்னு இப்பத்தான் முதல் தடவையாப் பாக்கறேன்."

தரணி தலையைக் குனிந்துகொண்டார். "சும்மா இருடி" என்றார் மெதுவாக.

"நீங்க சும்மா இருங்க" என்றேன். டாக்டர் பக்கம் திரும்பினேன். "ஊசி பிடிச்சது நான். மீன் துள்ளுச்சு. அப்படியே எழுதுங்க. செங்கோடனுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும்னு சேத்து எழுதுங்க."

"அப்படி எழுத எடமில்லன்னு சொன்னேனேம்மா."

"அப்ப கோர்ட்டுல சொல்லிக்கறேன். இப்போதைக்கு எம்பேர எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, ரேகை வைப்பதற்காகக் கட்டைவிரலை நீட்டினேன்.